பேய்க்கு ஒரு வசனம்

எனக்குத் திக்குவாய். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் விட்டால் நான் எப்படி ஒரு சினிமாவில் பேயானேன் என்பது புரியாது.

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுச் சேலைக் கடையில் வேலை பார்க்கிறேன். அந்த நாட்களில் என்னைப் பின் அறையில் வைத்திருந்தார்கள். முன்பக்கம் விரித்துக் காட்டி, வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட சேலைகள் குவியலாக உள்ளே வரும். அவற்றைப் பழைய மடிப்பிலேயே மடித்து அடுக்குவேன். கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் பொம்மைகளுக்குச் சேலை கட்டிவிடுவதும் நான்தான். பொம்மைகளோடு பேச வேண்டியதில்லை. அதனால்தான் அந்த வேலை எனக்கு வந்தது என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாமலே கடையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, எனக்கும்தான்.

ஒரு மதியம், மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்த நேரம், வாசல் பக்கத்துப் பொம்மைக்கு அரக்குச் சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தேன். தொப்பி போட்ட ஒரு பெண் உள்ளே வந்தாள். கையில் செல்போன், தோளில் பெரிய பை.

"அக்கா, இதே புடவை, இதே கலர்ல நாலு கிடைக்குமா?"

'பார்க்கணும்' என்று சொல்ல நினைத்தேன். 'ப' எனக்கு எதிரி. என் பெயரும் அதே எழுத்தில்தான் தொடங்குகிறது. உதடு இரண்டும் ஒட்டிக்கொண்டன. வார்த்தை உள்ளேயே நின்றது.

சின்ன வயதில் இப்படி வார்த்தை அடைக்கும்போது என் இமைகள் படபடவென்று அடித்துக்கொள்ளும். வகுப்பில் அதைப் பார்த்துத்தான் அதிகம் சிரிப்பார்கள். எட்டாம் வகுப்பு விடுமுறை முழுக்கக் கண்ணாடி முன்னால் நின்று அந்தப் பழக்கத்தை விட்டேன். திக்கல் போகவில்லை. ஆனால் முகம் அசையாமல் இருக்கக் கற்றுக்கொண்டேன். வார்த்தை வருகிற வரைக்கும் கண்ணை இமைக்காமல் எதிரில் இருப்பவரைப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

அந்தப் பெண்ணையும் அப்படித்தான் பார்த்தேன். அவள் முகத்திலிருந்த சிரிப்பு மெல்லப் போயிற்று. ஓரடி பின்னால் வைத்தாள். இன்னும் ஓரடி வைத்தவள் பின்னால் இருந்த பொம்மைமேல் மோத, பொம்மை சேலையோடு சரிந்தது. அதைத் தூக்கி நிறுத்திவிட்டு, நெஞ்சில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அக்கா, நீங்க நடிப்பீங்களா?"

அவள் ஒரு படத்தின் உதவி இயக்குநர். பேய்ப் படம், ஆனால் சிரிப்புப் படம். பேய்க்காகச் சேலை வாங்க வந்தவள் பேயையும் சேர்த்துக் கண்டுபிடித்துவிட்டாள்.

மறுநாள் இயக்குநரே கடைக்கு வந்தார். முப்பது வயதைத் தாண்டியவர், தாடி, சட்டைப் பையில் எப்போதும் பொரி. அதை ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டே பேசுவார். கதையைச் சொன்னார். மூன்று அண்ணன் தம்பிகள் பரம்பரை வீட்டை விற்க வருகிறார்கள். அந்த வீட்டில் ஒரு பெண்ணின் ஆவி இருக்கிறது. அவர்களை ஓட ஓட விரட்டுகிறது. அவ்வளவுதான்.

"உங்களுக்கு டயலாக்கே கிடையாது மேடம். நின்னு பார்த்தா போதும்."

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் நான் தலையாட்டினேன்.

வீட்டில் சொன்னபோது அம்மா பாவு நூலை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள். நாங்கள் தறிக்காரக் குடும்பம். அண்ணன் நெய்கிறான், அம்மா கூடமாட உதவுகிறாள்.

"பேயாவா? கேட்டதுதான் கேட்டாங்க, ஒரு அம்மன் வேஷம் குடுக்கக் கூடாதா?"

"அ... அம்மனுக்கு வசனம் இருக்குதும்மா" என்றேன்.

அண்ணன் தறிக்குழியில் உட்கார்ந்தபடியே விழுந்து விழுந்து சிரித்தான். கடையில் விடுப்புக் கொடுத்தார்கள். சேலை நம் கடையுடையது என்று படத்தில் பெயர் போடுவார்களா என்று மட்டும் முதலாளி கேட்டுக்கொண்டார்.

படப்பிடிப்பு, ஓரிக்கையைத் தாண்டி, பாலாற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில். நயினார் வீடு என்று ஊரில் சொல்வார்கள். தலைமுறையாக விவசாயம் பார்க்கும் ஜைனக் குடும்பம். நடுவில் முற்றம், சுற்றிலும் தூண்கள், பின்கட்டில் நெல் குதிர்கள் என்று பேய்க்கென்றே கட்டியது போன்ற வீடு. வீட்டுக்காரம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். கணவரும் மகனும் வெளியூரில் வியாபாரம் பார்க்க, நிலத்தையும் வீட்டையும் அவர்தான் நடத்தினார். முதல் நாளே எங்கள் எல்லோரையும் வாசலில் நிறுத்திவைத்துச் சொன்னார்.

"முட்டை, கறி எதுவும் உள்ள வரக்கூடாது. ரத்தம்னு செவப்பா எதையும் ஊத்தக்கூடாது, பொய் ரத்தம்னாலும் சரி. பொழுது சாயறதுக்குள்ள எல்லாரும் வெளிய போயிடணும். நாங்க வெளிச்சம் இருக்கும்போதே சாப்ட்டு முடிச்சிக்கினு கதவ சாத்திடுவோம்."

இயக்குநர் பொரியை மென்றபடி தயங்கினார். "பேய்ப் படம்மா. எல்லா சீனும் ராத்திரியில வருது."

"ஏன், பேய் பகல்ல வராதா?"

கேட்டுவிட்டு வீட்டுக்காரம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். அரக்குப் பட்டும் விரித்த தலைமுடியுமாக நான் நின்றிருந்தேன். "நான் பட்டு கட்டறதில்ல, புழு பாவம். பேய் கட்டிக்கினா கட்டிக்கட்டும்" என்றார்.

அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் அது நடு இரவில் எடுத்தது என்றே நம்புகிறார்கள். முழுக்கப் பகலில் எடுத்தோம். முற்றத்துக்கு மேலே தார்ப்பாய் கட்டி, சன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடி, உள்ளே நீல விளக்குப் போட்டால் இரவு வந்துவிடும். வெளியே களத்தில் வேர்க்கடலை காய்ந்துகொண்டிருக்கும். சாப்பாட்டு இடைவேளையில் நள்ளிரவிலிருந்து எழுந்து வெளியே வந்தால் வெயில் கண்ணைக் குத்தும்.

ரத்தத்துக்குப் பதிலாகப் பேய் கறுப்புக் கண்ணீர் வடித்தது. கண்மையை விளக்கெண்ணெயில் குழைத்து என் கன்னத்தில் வழியவிட்டார்கள். படம் வந்த பிறகு ஒருவர் யூடியூபில் அந்தக் கறுப்புக் கண்ணீர் பெண்ணினத்தின் பல காலத் துயரத்தைக் குறிக்கிறது என்று வெகுநேரம் விளக்கினார். நயினார் வீட்டம்மாவின் உத்தரவு என்று அவருக்கு யார் சொல்வது?

கண்ணில் வெள்ளை லென்ஸ். அதைப் போட்டால் எனக்கு எதிரில் ஒன்றும் தெரியாது. உதவி இயக்குநர்தான் கையைப் பிடித்து இடத்தில் நிறுத்திவிட்டு ஓடுவாள். பேய் கால் படாமல் மிதந்து வருவதெல்லாம் சக்கரப் பலகையின்மேல். சேலைக் கொசுவம் பலகையை மறைத்துக்கொள்ளும், பின்னாலிருந்து ஒருவர் தள்ளுவார். காஞ்சிப் பட்டு கனமானது. எவ்வளவு பெரிய மின்விசிறி வைத்தாலும் முந்தானை பறக்கவில்லை, பலகை மாதிரித் தொங்கியது. கடைசியில் தூண்டில் நரம்பைக் கட்டி இரண்டு பக்கமும் ஆள் நின்று இழுத்தார்கள். ஒருமுறை அப்படி அந்தரத்தில் பறந்த முந்தானையைத் தொழுவத்துக் கன்று எட்டிப் பிடித்துத் தின்ன ஆரம்பித்தது. பேயைப் பார்த்துப் பயப்படாத ஒரே ஜீவன் அதுதான்.

அண்ணன் தம்பிகளில் கடைக்குட்டியாக நடித்தவர் நகைச்சுவை நடிகர். யாரைப் பார்த்தாலும் அவர்களைப் போலவே செய்து காட்டுவார். இயக்குநர் பொரி தின்பதைச் செய்வார், சமையற்காரர் கரண்டி பிடிப்பதைச் செய்வார், சம்பந்தப்பட்டவர்களே சிரித்துவிடுவார்கள். ஒருநாள் நான் தண்ணீர் கேட்டதைச் செய்தார். "த்... த்... த்..." என்று இழுத்து, கண்ணை விரித்து நின்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, அழவும் இல்லை. நடந்து போய் நானே தண்ணீரை எடுத்துக் குடித்தேன். அதற்குப் பிறகு அவர் என்னைப்போல் செய்து காட்டவில்லை. ஆனால் என்னிடம் ஒன்றும் சொல்லவும் இல்லை.

வசனமில்லாத பேயாகவே நான் இருந்து முடித்திருப்பேன். கதை மாறியதற்கும் அந்த வீட்டம்மாதான் காரணம்.

படத்தின் முடிவில் பேய் மூத்த அண்ணனைக் கழுத்தை நெரித்துக் கொல்ல வேண்டும். அதை எடுக்க ஏற்பாடு நடந்துகொண்டிருந்தபோது, களத்திலிருந்து கை உதறிக்கொண்டே வீட்டம்மா உள்ளே வந்தார். கழுத்து நெரிபடும் ஒத்திகையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இன்னாப்பா இது? கொலையா? இந்த வீட்ல கொலை நடக்கக்கூடாது."

"நடிப்புதாம்மா" என்றார் இயக்குநர்.

"நடிப்புதானே? அப்ப கொல்லாம விட்ட மாதிரி நடிங்க."

சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். இயக்குநர் வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்த பொரி முழுவதும் தீர்ந்த பிறகு எழுந்து வந்தார். முகம் தெளிந்திருந்தது.

"பேய் கொல்லல. மூணு பேரும் முற்றத்துல மூலையில ஒடுங்கி நிக்கிறாங்க. பேய் அந்தரத்துல தொங்கிக்கினு அவங்கள பாக்குது. கொல்லப் போவுதுன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. அது ஒரே ஒரு வார்த்தை சொல்லுது. 'பொழைச்சுப் போங்கடா.' சொல்லிட்டு அப்படியே முற்றத்து வழியா மேல போயிடுது."

எல்லோரும் கை தட்டினார்கள். நல்ல முடிவுதான். கைதட்டல் ஓயும் நேரத்தில் ஒவ்வொருவராக என் பக்கம் திரும்பினார்கள்.

'பொ.' அதே எழுத்து.

நகைச்சுவை நடிகர்தான் முதலில் வாயைத் திறந்தார். "சார், ஒரு ஐடியா. அப்படியே விட்டுடலாமே? 'பொ... பொ... பொ...'ன்னு பேய் திக்கட்டும். நாங்க இன்னும் நடுங்கறோம். தியேட்டர் கிழிஞ்சிடும்."

ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். இயக்குநர் சிரிக்கவில்லை, ஆனால் யோசித்தார். அவர் யோசித்ததைப் பார்த்ததும்தான் எனக்குப் பேச வேண்டும் என்று தோன்றியது. நேரமெடுத்துத்தான் சொன்னேன்.

"ப... படம் பா... பார்த்துச் சிரிக்கட்டும் சார். என் வா... வாயைப் பார்த்துச் சிரிக்க வேணாம்."

நடிகர் தரையைப் பார்த்தார். "சரி மேடம், அது வேணாம்" என்றார் இயக்குநர். "நீங்க வாய மட்டும் அசைங்க. டப்பிங்ல வேற ஆள் பேசிடுவாங்க. எல்லாப் படத்துலயும் அப்படித்தான்."

அவர் உதவியாகத்தான் சொன்னார். ஆனால் எனக்கு அது புதிதில்லை. பள்ளியில் வருகைப் பதிவின்போது பக்கத்தில் இருந்தவள் எனக்காக 'உள்ளேன் ஐயா' சொல்வாள். டாக்டரிடம் என் வயிற்று வலியை அம்மா சொல்வாள். எனக்கு வரும் போனை அண்ணன் எடுப்பான். எனக்குச் சொந்தமான பேச்சை எனக்காக யாராவது பேசிக்கொண்டேதான் இருந்தார்கள். எல்லாம் அன்பால் செய்ததுதான். செத்துப் பேயான பிறகும் எனக்காக வேறொருத்தி பேச வேண்டுமா?

"நா... நானே சொல்றேன்" என்றேன்.

தயாரிப்பு நிர்வாகி இயக்குநரின் காதில் ஏதோ சொன்னார். இயக்குநர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கண்ணை எடுக்கவில்லை.

"சரி. ட்ரை பண்ணுவோம்."

அன்று பிற்பகல் தார்ப்பாயை நடுவில் கயிறு நுழையும் அளவுக்கு மட்டும் விலக்கி, முற்றத்துக்கு மேலே இரும்புச் சட்டம் கட்டிக் கயிற்றை இறக்கினார்கள். இடுப்பில் பெல்ட், அதன்மேல் சேலை. தூக்கியதும் உடல் முன்பக்கம் குப்புறச் சாய்ந்தது. வயிற்றை இறுக்கிப் பிடித்தால்தான் நேராக நிற்க முடிந்தது. கொக்கி ஒரு பக்கமாக இழுத்து நான் மெல்லச் சுழன்றேன். அண்ணன் தம்பிகளை மிரட்ட வேண்டிய பேய் சுவரைப் பார்த்துக்கொண்டு தொங்கியது. அதையெல்லாம் சரிசெய்த பிறகு, முதல் டேக்.

வார்த்தை வரவில்லை. உதடு ஒட்டியபடி, கண் விரிந்தபடி தொங்கினேன். கீழே மூவரும் நடுங்கினார்கள். நகைச்சுவை நடிகர் மயங்கி விழுந்தார். 'கட்' என்ற குரல் கேட்டுத் தளர்ந்தேன். மறுபடி, மறுபடி. ஒருமுறை 'பொ' வந்தது, 'ழை' வரவில்லை. ஒருமுறை எல்லாம் வந்தது, ஆனால் என் முகம் கோணிப்போயிருந்தது.

இயக்குநர் லென்ஸைக் கழற்றச் சொல்லி மானிட்டரை என்னிடம் காட்டினார். முதல் டேக். வார்த்தை அடைத்துக்கொண்டு நான் பார்க்கும் பார்வை உண்மையிலேயே குலை நடுங்க வைத்தது.

"இதவிட பெட்டரா கிடைக்காது மேடம். இதையே வச்சிக்கினு, வாய்ஸ மேல ஒட்டிடலாம்."

எனக்கு வராமல் போனதையே அவர்கள் நல்ல நடிப்பு என்கிறார்கள். ஒப்புக்கொண்டால் எல்லோருக்கும் வேலை முடிந்துவிடும். கயிற்றுக்காரர்களின் கைகளெல்லாம் சிவந்திருந்தன. அவர்களைப் பார்க்கக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும், "இன்னொண்ணு எடுக்கலாம் சார்" என்றேன்.

அப்போதுதான் வீட்டம்மா வந்தார். "பொழுது போவுதுப்பா. கிளம்புங்க."

நிர்வாகி கெஞ்சினார். ஒரே ஒரு ஷாட், இன்னும் கொஞ்ச நேரம் என்றார். வீட்டம்மா மசியவில்லை. "நாளைக்குக் காலையில வாங்க. வீடு எங்கயும் போயிடாது."

கயிற்றிலிருந்து என்னை இறக்கினார்கள். கன்னத்தில் மை வழிய நான் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அவர் கிட்டே வந்தார்.

"நீ இன்னாம்மா சொல்லணும்?"

சொல்ல ஆரம்பித்தேன். அடைத்தது. மற்றவர்கள் இந்த இடத்தில் மூன்றில் ஒன்று செய்வார்கள். வேறு பக்கம் பார்ப்பார்கள், அல்லது வார்த்தையை அவர்களே முடிப்பார்கள், அல்லது 'பரவால்ல, பரவால்ல' என்பார்கள். அவர் எதையும் செய்யவில்லை. அறுவடைக்கு ஆள் வரக் காத்திருப்பவர்போல இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். வெகுநேரம் ஆயிற்று. முழுதாகச் சொல்லி முடித்தேன்.

"ம். நாளைக்கு சொல்லு" என்றார். அவ்வளவுதான், சாப்பிடப் போய்விட்டார்.

டவுன் பஸ்ஸில் ஊருக்குத் திரும்பினேன். பெண்களுக்கு இலவச டிக்கெட்தான், ஆனாலும் எங்கே இறங்குகிறோம் என்று கண்டக்டர் கேட்பார். எங்கள் வீடு பெரிய காஞ்சிபுரம். நான் எப்போதும் சின்ன காஞ்சிபுரம் என்று சொல்லி, அங்கேயே இறங்கி நடப்பேன். 'சி' எனக்குக் கொஞ்சம் எளிது. ஒரு எழுத்துக்குப் பயந்து எத்தனை வருஷம் நடந்திருப்பேன்!

"எங்கம்மா?"

மூச்சை மெல்ல விட்டுக்கொண்டே, உதட்டை அழுத்தாமல், இழுத்துச் சொன்னேன். "பெ...ரிய காஞ்சிபுரம்."

அழகாக வந்தது என்று சொல்ல மாட்டேன். பின்னால் நின்றவர் எட்டிப் பார்த்தார். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் போனார். முதல்முறையாக வீட்டுப் பக்கத்து நிறுத்தத்தில் இறங்கினேன்.

பிரதோஷத்தன்று கோயிலில் எங்கள் தெருப் பெண்கள் சேர்ந்து பதிகம் பாடுவோம். பாடும்போது எனக்குத் திக்காது. ஏன் என்று எனக்குத் தெரியாது, ஆனால் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அதை நினைத்துக்கொண்டு வந்தவள், வீட்டுக்குள் நுழைந்ததும் பதிக ராகத்திலேயே பாடிப் பார்த்தேன். "பொழைச்சுப் போங்கடா..."

தறிச்சத்தம் நின்றது. அண்ணன் குழியிலிருந்து தலையை நீட்டினான். "இன்னா இது, எந்தக் கோயில் பாட்டு?"

விவரத்தைச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவன், பிறகு அவனும் கூடப் பாட ஆரம்பித்தான். அம்மா சமையலறையிலிருந்து வந்து எங்கள் இருவரையும் திட்டினாள், சாமி ராகத்தில் யாராவது 'டா' போடுவார்களா என்று. ஒவ்வொரு முறையும் ராகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். ராகத்தை முழுக்க எடுத்தால் உதடு ஒட்டிக்கொண்டது. ஒரு இழை மிச்சம் வைத்தால் வந்தது. அந்த இழையைப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை மறுபடி கயிற்றில் ஏறினேன். முதல் டேக்கில் ராகம் கூடிப்போயிற்று. "மேடம், பேய் கச்சேரி பண்ற மாதிரி இருக்குது" என்றார் இயக்குநர். அடுத்ததில் குறைத்தேன், அடைத்தது. அதற்கடுத்ததில் முந்தானை நரம்பு அறுந்தது. ஒவ்வொரு முறையும் நகைச்சுவை நடிகர் முதல் முறைபோலவே பயந்து நடுங்கி, மயங்கி விழுந்தார். கல்தரை. எழுந்து தூசியைத் தட்டிவிட்டுத் தன் இடத்தில் போய் நின்றுகொள்வார். இடையில் ஓய்வெடுக்கச் சொன்னபோதும், "மேடம் ரெடின்னா நான் ரெடி" என்றார்.

கயிற்றில் தொங்கியபடி யோசித்தேன். பெல்ட் என் வயிற்றை அழுத்துகிறது. மேலே தூக்கும் அந்த நொடியில் மூச்சு தானாக வெளியே போகிறது. நான் நிலையாக நின்ற பிறகு சொல்ல முயல்கிறேன். அதற்குள் மூச்சைத் திரும்பப் பிடித்து அடைத்துவிடுகிறேன்.

"தூக்கும்போதே சொ... சொல்றேன் சார்" என்றேன்.

தூக்கினார்கள். மூச்சு போயிற்று, அதன்மேலேயே வார்த்தையை வைத்தேன். பதிகத்தின் இழை கொஞ்சமாக ஒட்டிக்கொண்டிருக்க, நீளமாக, தாழ்ந்த குரலில் வந்தது. "பொ...ழைச்சுப் போங்கடா."

லென்ஸ் வழியாக எனக்கு யாரும் தெரியவில்லை. கீழேயிருந்து நகைச்சுவை நடிகரின் குரல் மட்டும் கேட்டது. மயங்கி மட்டும் விழ வேண்டியவர், இரண்டு கைகளையும் கூப்பி, "ரொம்ப தேங்க்ஸ்க்கா" என்றார். அதற்குப் பிறகுதான் விழுந்தார். அவர் கைகூப்பியதைப் பிறகு மானிட்டரில்தான் பார்த்தேன்.

அந்த வார்த்தை கதையில் கிடையாது. படத்தில் அதிகம் சிரிப்பு வருகிற இடம் இன்று அதுதான். அது கடைக்குட்டித் தம்பி பேயிடம் சொன்னதா, அவர் என்னிடம் சொன்னதா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. கயிற்றிலிருந்து இறங்கியபோது என் கைப்பையையும் செருப்பையும் எடுத்துவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். சில வாரம் கழித்து டப்பிங்குக்குச் சென்னைக்குக் கூப்பிட்டார்கள். குளிரூட்டிய சின்ன அறை, எதிரே திரை, மூக்குக்கு நேரே மைக். திரையில் நான் பேசுகிறேன், மைக்கின் முன்னால் எனக்குப் பேச்சு வரவில்லை. கயிறும் இல்லை, பெல்ட்டும் இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் பொறுமையாகத்தான் இருந்தார். ஆனால் அடுத்த ஆள் வெளியே காத்திருந்தார். 'வேற வாய்ஸ்' என்ற பேச்சு மறுபடி எழும்புவது கண்ணாடி வழியாகவே எனக்குத் தெரிந்தது.

நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். துப்பட்டாவைக் கழற்றி இடுப்பில் சுற்றி, இரண்டு முனையையும் உதவி இயக்குநரிடம் கொடுத்தேன்.

"இ... இழு."

"எப்படிக்கா?"

"மே... மேல."

அவள் ஒரு நாற்காலியில் ஏறி நின்று, என் இடுப்பை மேலே இழுத்தாள். என் குதிகால் தரையிலிருந்து எழும்பியது. ஒலிப்பதிவாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். வார்த்தை வந்தது. இழுத்த வேகத்தில் அவள் நாற்காலியிலிருந்து சறுக்கி விழுந்த சத்தமும் சேர்ந்து பதிவானதால் இன்னொரு முறை எடுத்தோம். அதுவும் வந்தது. படத்தில் இருப்பது அந்தக் குரல்தான், என்னுடையது.

படம் வெளியானதும் எங்கள் ஊர்த் திரையரங்கில் காலைக் காட்சிக்குப் போனோம். அம்மா, அண்ணன், கடையில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும். பேய் வரும்போதெல்லாம் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள், பேய் நான்தான் என்று தெரிந்தும். அந்தக் கடைசிக் காட்சி வந்தது. என் வசனத்தின்போது யாரும் சிரிக்கவில்லை. முறுக்குப் பொட்டலத்தைப் பிரிக்கும் சத்தம்கூட இல்லை. அடுத்து 'தேங்க்ஸ்க்கா' வந்ததும் அரங்கமே வெடித்தது.

வெளியே வந்ததும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். வெயிலில் கண்ணைச் சுருக்கியபடி கொஞ்ச தூரம் நடந்தாள். பிறகு சொன்னாள்.

"நல்லாத்தான் சொன்ன. ஆனா பேய்னாலும் ஒரு மரியாதை வேணாமா? 'போங்கப்பா'ன்னு சொல்லியிருக்கலாம்."

எனக்குத் திக்கல் போய்விடவில்லை. போய்விடும் என்று நான் நினைக்கவும் இல்லை. முன்பக்கம் சேலை காட்டும் இடத்துக்கு மாற்றச் சொல்லி முதலாளியிடம் நானே போய்க் கேட்டேன். அவர் யோசித்தார். கல்யாணச் சீசன், கூட்டம் அதிகம் என்றார். "கூட்டம்னா ஆ... ஆள் வேணும்ல?" என்றேன். இப்போது முன்பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். சில பேர் பொறுமையாகக் கேட்கிறார்கள். சில பேர் என் வார்த்தையை முடித்துவைக்கிறார்கள், பெரும்பாலும் தப்பாக. அவர்கள் முடித்ததும் நான் திரும்ப ஆரம்பித்து, நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

போன மாதம் வேறொரு படக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. அண்ணன் எடுக்கக் கை நீட்டினான், நான் கொடுக்கவில்லை.

"பேய் ரோல் மேடம். டயலாக் எதுவும் இல்ல, நின்னு பார்த்தா போதும். ஈஸியா இருக்கும்."

"வ... வசனம் இருந்தா கூப்பிடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இன்னும் கூப்பிடவில்லை. கூப்பிடுவார்கள். கூப்பிடாவிட்டால் நானே கூப்பிட்டுக் கேட்பேன். நம்பரைப் போனில் பதிந்து வைத்திருக்கிறேன்.